கழுதை ஏறும் மலையில் ஆம்புலன்ஸ் ஏறட்டும்



கட்சி மாநாடுகளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1936 டிசம்பரில் நடந்த ஒரு மாநாடு. கல்கத்தா, பம்பாய், சென்னை, லாகூர் என்று நகரம் நகரமாகக் கூடிவந்த காங்கிரஸ், காந்தியடிகள் வற்புறுத்தியதால் அந்த ஆண்டு முதன்முதலாக ஒரு கிராமத்துக்குப் போனது. இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் இருக்கிறது பைஸ்பூர் என்னும் அந்தக் கிராமம். ஓவியர் நந்தலால் போஸ் மூங்கிலைக் கொண்டு மாநாட்டு நகரை எழுப்பினார். தலைமை வகித்தவர் ஜவஹர்லால் நேரு.

பந்தல் இருக்கட்டும், தீர்மானத்துக்கு வருகிறேன். உழவர்களுக்கென்று ஒரு திட்டத்தையே அங்கு நிறைவேற்றினார்கள். குத்தகையும் நிலவரியும் குறைய வேண்டும், கட்ட முடியாத கடனை நடுவர் மன்றம் வைத்துத் தீர்க்க வேண்டும், அதுவரை கடன் வசூலை நிறுத்தி வைக்க வேண்டும், விவசாயக் கூலிக்கு வாழ்வதற்கு ஏற்ற ஊதியம் வேண்டும் என்று தெளிவாக எழுதினார்கள். அடுத்த சில வாரங்களில் மாகாணத் தேர்தல். 1937 ஜூலையில் ராஜாஜி இங்கே ஆட்சியில் அமர்ந்தார். 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. நிலமில்லாத கூலியாளுக்கு அது எட்டவில்லை, அந்தக் குறை உண்மை. ஆனாலும் கிராமத்துப் பந்தலில் பேசிய கடன், ஈராண்டுக்குள் சட்டப் புத்தகத்தில் ஏறியது. மாநாடு என்றால் அது மாநாடு!

அப்படி ஒரு மாநாட்டுக்காக இன்றும் காத்திருக்கும் நம் மலைகளைப் பாருங்கள். தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு, தேர்தலுக்குத் தேர்தல், வாக்குப்பதிவு எந்திரம் கழுதை முதுகில் போயிருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்கு அதைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு அலுவலர்கள் ஏறியிருக்கிறார்கள். ஒரு வாக்குகூட விடுபடக் கூடாது என்று அரசு எடுக்கும் அந்தப் பாடு மெச்சத்தக்கது. அந்த அலுவலர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில், 2023 மே மாதம், ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன் குழந்தை இறந்துவிட்டது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், பாதை இல்லாமல் பாதியில் நின்றது. பெற்ற தாய் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு மலை ஏறினாள். வாக்குக்காக ஏற முடிந்த மலையில் உயிருக்காக ஏற முடியாதா, அய்யா?

பாதை ஏன் இல்லை என்று கேட்டால் வனச் சட்டம் தடுக்கிறது என்பார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை எடுத்து, பிரிவு 3, உட்பிரிவு 2ஐப் படியுங்கள். பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை என்று 13 வசதிகளுக்கு வனநிலத்தைத் தரலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். நிபந்தனைகள் இவைதாம். வழியைச் சட்டமே காட்டியிருக்கிறது. கோப்பை நகர்த்த ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அரசியல் கட்சி.

இன்னொரு முடிச்சு, தலைக்கணக்கு. 2000ஆம் ஆண்டு பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியபோது, சமவெளிக் குடியிருப்பில் 500 பேராவது இருக்க வேண்டும், மலை மாநிலங்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேர் போதும் என்று வரம்பு வைத்தார்கள். நாற்பது குடும்பம் வாழும் மலையூர் எந்தக் கணக்கில் வரும்? தலை குறைந்தால் வாக்கும் குறைவு, வாக்கு குறைந்தால் தீர்மானத்தில் இடமும் குறைவு. இந்தக் கணக்கை முறிக்காத மாநாடு எத்தனை லட்சம் பேரைக் கூட்டினாலும் என் மதிப்பில் சிறிய மாநாடுதான்.

எல்லாக் கட்சிகளுக்கும் இந்த மேடையிலிருந்து வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் அடுத்த மாநாட்டை ஒரு மலையடிவாரத்தில் கூட்டுங்கள். தலைவர்கள் பேசுமுன் மலைமக்கள் பேசட்டும். ‘மலைக்கிராம மேம்பாடு’ என்று பொதுவாக ஒரு வரி எழுதி முடித்துவிடாதீர்கள். ஊர்ப்பெயர், எத்தனை கிலோமீட்டர் பாதை, எந்த ஆண்டுக்குள் போடப்படும் என்று தீர்மானத்தில் எழுதுங்கள்.

தாய்மார்களே, தோழர்களே, வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் உங்கள் தெருவுக்கு வேண்டியதைக் கேளுங்கள். அதோடு, உங்கள் மாவட்டத்தில் வண்டி போகாத ஊர்களின் பட்டியல் அவர் கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்றால், எழுதிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.