காசோலையும் ரொக்கமும்: சிறுநீரக நோயாளிக்கு வைட்டமின் டி

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நான் செய்த ஒரு தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் பேச வந்தேன்.

சர்க்கரை நோயால் என் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுது. கால்சிட்ரியால் என்ற கேப்சூல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். போன மழைக்காலத்தில் அவருக்குக் கால் எலும்பெல்லாம் வலி. நம் சேரங்கோட்டில் ஜூன் பிறந்தால் வெயிலைப் பார்ப்பது அபூர்வம் அல்லவா? "வைட்டமின் டி குறைந்திருக்கும்" என்று நானே மெடிக்கல் ஷாப்பில் 60,000 யூனிட் பாக்கெட்டுகள் வாங்கிக் கொடுத்தேன். வாரத்துக்கு ஒன்று எடுக்க வேண்டியதை அவர் தினம் ஒன்றாக எடுத்தார். கூடவே கால்சியம் மாத்திரை. சில வாரங்களில் வாந்தி, மலச்சிக்கல், பேச்சில் குழப்பம். ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மருத்துவமனையில் சேர்த்துத்தான் மீட்டோம்.

அங்கே டாக்டர் சொன்னதை என் வங்கி பாஷையில் சொல்கிறேன்.

வெயிலில் கிடைக்கும் வைட்டமின் டி-யும், பாக்கெட்டில் வருவதும் காசோலை மாதிரி. கல்லீரலில் ஒரு முறை, சிறுநீரகத்தில் ஒரு முறை கிளியரிங் ஆக வேண்டும். அதன் பிறகு கிடைக்கும் ரொக்கம்தான் கால்சிட்ரியால். இந்தக் கடைசி வேலை சிறுநீரகத்தில் நடக்கிறது என்று 1970-இல் கேம்பிரிட்ஜில் ஃபிரேசர், கோடிசெக் என்ற விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

சிறுநீரகம் பழுதானால் ரொக்கம் குறையும். குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. பாஸ்பேட் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். உடனே கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு சின்னஞ்சிறு பாராதைராய்டு சுரப்பிகள் ஓவர்டைம் பார்க்க ஆரம்பிக்கும். அவற்றின் பி.டி.எச். ஹார்மோன், எலும்பு என்ற ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்துக் கால்சியத்தை எடுக்கும். எலும்பு வலிக்கும், எளிதில் முறியும்.

சாதாரண வைட்டமின் டி, இருப்பு குறைந்தவருக்கு அதை நிரப்ப. ஆனால் காசோலை மலையாகக் குவிந்தால் அதுவும் ரொக்கம் போலவே வேலை செய்துவிடும். அண்ணனுக்கு நடந்தது அதுதான். கால்சிட்ரியால், பாரிகால்சிட்டால் போன்றவை நேரடி ரொக்கம். ஹார்மோனை அடக்கும். அதேசமயம் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் ஏற்றும். மிஞ்சினால் அது ரத்தக் குழாயில் சுண்ணாம்பாகப் படியும்.

அதனால்தான் 2017-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நோய் 4, 5-ஆம் கட்டத்துக்கு வந்து, ஹார்மோன் கடுமையாக ஏறிக்கொண்டே போனால் மட்டும் கொடுக்கலாம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இவை தேவைப்படலாம். சினகால்செட் என்ற, வைட்டமின் அல்லாத மாத்திரையும் உண்டு.

இன்னொன்று. டயாலிசிஸ் நோயாளியின் ரிப்போர்ட்டில் பி.டி.எச். அதிகம் என்று பார்த்துப் பதற வேண்டாம். இயல்பான உச்ச அளவைப் போல 2 முதல் 9 மடங்கு வரை ஏற்றுக்கொள்கிறார்கள். ரொம்ப அடக்கினால் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையே மந்தமாகிவிடும்.

நான் கேட்டுக்கொள்வது மூன்றே. கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச்., வைட்டமின் டி நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்; ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கணக்கு முடிக்க முடியாது. கடையில் நீங்களாக வாங்கியது உட்பட எல்லா மருந்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிரியேட்டினின் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அண்ணன் இப்போது தேவலை. ஆனால் நான் எதையாவது வாங்கி வந்தால், "டாக்டர்கிட்ட கேட்டியாடா?" என்றுதான் முதலில் கேட்கிறார். நீங்களும் கேளுங்கள்.