சார்லட் சாகலாமா?

ஒரு பன்றிக்குட்டிக்கும் சிலந்திக்கும் நட்பு. 1952-இல் அமெரிக்காவில் ஈ.பி. வைட் எழுதிய 'சார்லட்ஸ் வெப்' நாவல் இதைத்தான் சொல்கிறது. வெட்டுக்குப் போகவேண்டிய பன்றிக்குட்டி வில்பரை, சிலந்தி சார்லட் தன் வலையில் எழுத்துகளைப் பின்னிக் காப்பாற்றுகிறது. கடைசியில் முட்டையிட்டுவிட்டு அதுவே செத்துப்போகிறது.

இங்கேதான் வாசகர்கள் இரண்டு கட்சி. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தச் சாவு எதற்கு என்பார்கள் சிலர். அது இல்லாவிட்டால் நட்பின் அருமை எப்படித் தெரியும் என்பார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது கட்சி. சிலந்திகளைப் பண்ணையில் கூர்ந்து பார்த்தவர் வைட். முட்டையிட்டபின் அவை மடிவது அவருக்குத் தெரியும். பிள்ளைகளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. அதற்காகக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கதையை அவரே படித்து ஒலிப்பதிவு செய்தபோது, சார்லட் சாகும் இடத்தில் குரல் உடைந்து, நிறுத்தி நிறுத்தி 17 தடவை படித்தாராம்!

அறிஞர்களும் ஒத்துப்போகவில்லை. எழுத்தாளர் யுடோரா வெல்டி மனம்விட்டுப் பாராட்டினார். பேர்பெற்ற நூலகர் ஆன் கரோல் மூர் குறை கண்டார். சிறுவர் நூல்களுக்கான 1953 நியூபெரி பதக்கமும் 'சீக்ரெட் ஆஃப் தி ஆண்டிஸ்' என்ற நாவலுக்குப் போயிற்று. அதைப் படித்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?