வெப்ப நாட்டுப் பிள்ளைக்குப் பின்னல் சட்டை



பின்னல் வேலை என்றதும் நம் தாய்மார்களுக்கு நினைவுக்கு வருவது கம்பளிச் சட்டைதான். "இந்த வெயிலில் யார் அதைப் போடுவது?" என்று கேட்பார்கள். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் கம்பளிச் சட்டை, கம்பளித் தொப்பி, காலுறை எல்லாம் தேடி வந்துவிடும். பெரியவர்களுக்கு ஆகாத சூடு பிஞ்சு உடம்புக்கு மட்டும் எப்படி ஆகும்?

நானும் இந்தத் தவற்றைச் செய்தவள்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பின்னல் கற்றேன். பார்த்துப் பழகிய மாதிரிகள் எல்லாம் குளிர்நாட்டு மாதிரிகள். மூத்த மகள் பிறந்தபோது, கம்பளி போன்ற செயற்கை நூலில் நெருக்கமாக ஒரு சட்டை பின்னினேன். விடியற்காலைக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அதைப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பகல் திரும்பியபோது பிள்ளை அதே சட்டையோடு வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். கழற்றிப் பார்த்தால் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் முதுகிலும் செக்கச்செவேலென்று வேர்க்குரு. கையால் பின்னிய பெருமை அன்றோடு போயிற்று.

முன்பு தோட்டங்களில் இது எளிதாக நடந்துவிடும். பால் வெட்டப் போகும் தாய் இருட்டோடு எழுந்து, பிள்ளையைப் போர்த்திக் கொண்டுபோய் ஆயாக்கொட்டகையில் விடுவாள். பத்து மணிக்கு வெயில் ஏறிவிடும். ஆனால் இருட்டில் போட்ட சட்டை அப்படியே உடம்பில் இருக்கும்.

இதில் என்ன கெடுதல்? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பானையில் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. நம் உடம்பு வியர்ப்பதும் இதற்குத்தான். ஆனால் மலேசியாவில் பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். காற்றின் ஈரப்பதமும் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். மழை நாளில் கொடித்துணி காயாததுபோல, இந்தக் காற்றில் வியர்வையும் விரைவில் காய்வதில்லை. அதன்மேல் கனத்த சட்டையும் போட்டால் வியர்வை தோலிலேயே தங்கும். பச்சைப் பிள்ளையின் வியர்வைச் சுரப்பிகள் முழு வளர்ச்சி பெறாதவை. அவற்றின் வாய் அடைத்துக்கொண்டால் வேர்க்குரு வரும். உறங்கும் குழந்தைக்கு அளவுக்கு மீறிய சூடு உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வீட்டுக்குள் உறங்கும் பிள்ளைக்குத் தொப்பி வேண்டாம் என்பதும் அவர்கள் அறிவுரையே.

அப்படியானால் பின்னலை விட்டுவிடுவதா? வேண்டாம். உங்கள் வீட்டுப் பனியனைச் சற்று இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சின்னஞ்சிறு கண்ணிகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டிருக்கும். திருப்பூரில் இயந்திரத்தில் ஆயிரக்கணக்காகச் செய்யும் பனியனும் பின்னல் துணிதான். இன்னொன்றும் கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிகளால் செய்யும் பின்னலில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய துண்டுகள் எகிப்து நாட்டில் கிடைத்தவை. 11-ஆம் நூற்றாண்டுக்கும் 14-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்துக் காலுறைகள் அவற்றில் உண்டு. நீலமும் வெள்ளையுமாகப் பருத்தி நூலில் பின்னியவை. ஆகவே பின்னல் குளிர்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டுக்கு ஏற்றபடி அதை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று செய்திகளைக் கவனித்தால் போதும்.

முதலாவது, நூல். கடையில் கம்பளி நூல் என்று விற்பவற்றில் பல, அக்ரிலிக் என்ற செயற்கை நூலே. பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்து உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அக்ரிலிக் 2 விழுக்காட்டுக்கு மேல் ஏற்பதில்லை. ஆட்டுக் கம்பளி ஈரத்தை உறிஞ்சும், ஆனால் சூட்டையும் பிடித்து வைக்கும். ஆகவே மெல்லிய பருத்தி நூலையே வாங்குங்கள். தடித்த பருத்தி வேண்டாம், அது நனைந்தால் கனக்கும்.

இரண்டாவது, துளை. நான்கு இழைப் பருத்தி நூலுக்கு வழக்கமாக எண் 10 ஊசி, அதாவது 3.25 மில்லிமீட்டர் ஊசி சொல்வார்கள். நாம் எண் 8 எடுப்போம், அது 4 மில்லிமீட்டர். பழைய ஆங்கில அளவில் எண் குறையக் குறைய ஊசி பருக்கும் என்பதை மறவாதீர்கள். பருத்த ஊசியில் கண்ணி தளரும், காற்று நுழையும்.

மூன்றாவது, தளர்வு. சட்டை உடம்பை ஒட்டக்கூடாது. தோலுக்கும் துணிக்கும் இடையே காற்று ஓட இடம் வேண்டும். பிள்ளையின் மார்புச் சுற்றோடு 7 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கையில்லாத சிறு சட்டை ஒன்றைக் கணக்கிடுவோம். மார்புச் சுற்று 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 7 கூட்டினால் 52. முன்பக்கம் 26, பின்பக்கம் 26.

முதலில் 31 கண்ணி ஏற்றி மாதிரித் துண்டு ஒன்று பின்னுங்கள். முதல் வரி முழுவதும் நேர்க்கண்ணி. இரண்டாம் வரி முழுவதும் எதிர்க்கண்ணி. மூன்றாம் வரியில் ஒரு கண்ணி நேராகப் பின்னுங்கள். பிறகு நூலை ஊசியில் ஒரு சுற்றுப் போட்டு, அடுத்த இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். இதையே வரி முடியும்வரை செய்யுங்கள். நான்காம் வரி எதிர்க்கண்ணி. ஒரு கண்ணி குறைகிறது, ஒரு சுற்றுக் கூடுகிறது, ஆகவே மொத்தக் கணக்கு மாறாது. இந்த நான்கு வரிகளையே திரும்பத் திரும்பப் பின்னி, துண்டை ஒரு சதுரமாக்குங்கள். துவைத்துக் காயவைத்த பிறகே அளந்து பாருங்கள், பருத்தி சுருங்கக்கூடும்.

10 சென்டிமீட்டரில் 22 கண்ணி வந்தால், 26 சென்டிமீட்டருக்கு 57 கண்ணி. உங்கள் கைக்கு வேறு எண் வந்தால் அதை வைத்துப் பெருக்குங்கள். மொத்தம் ஒற்றைப்படையாக இருக்கவேண்டும்.

57 கண்ணி ஏற்றி, ஓரம் சுருளாதிருக்க நான்கு வரி நேர்க்கண்ணியாகவே பின்னுங்கள். பிறகு துளைப்பின்னல். உயரம் 22 சென்டிமீட்டரை நெருங்கும்போது மறுபடி நான்கு வரி நேர்க்கண்ணி. அடுத்து, நடுவில் 25 கண்ணிகளை முடித்துவிடுங்கள். அதுதான் கழுத்து. இரண்டு பக்கமும் 16 கண்ணிகள் நிற்கும். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே 6 சென்டிமீட்டர் நேர்க்கண்ணியில் பின்னி முடியுங்கள். இதேபோல இன்னொன்று செய்து, தோள்களைத் தையுங்கள். பக்கங்களைக் கீழிருந்து 17 சென்டிமீட்டர் தைத்து, மேலே 11 சென்டிமீட்டரைக் கைக்காக விடுங்கள். கழுத்து அகலமானதால் தலை இடிக்காமல் நுழையும், பொத்தான் தேவையில்லை. 50 கிராம் உருண்டை இரண்டு வாங்கினால் மீதி வரும்.

துளைகள் பச்சைப்பயறு அளவுக்கு மேல் போகவேண்டாம், பிள்ளையின் விரல் மாட்டிக்கொள்ளும். நூல் முனைகளை உட்பக்கத்தில் நன்றாகச் செருகித் தையுங்கள். தொங்கும் இழை விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். துவைத்த சட்டையைக் கொடியில் தொங்கவிடாதீர்கள், ஈரப் பருத்தி கனத்து நீண்டுவிடும். துண்டின்மேல் பரப்பிக் காயவையுங்கள். துளைச் சட்டை கொசுவைத் தடுக்காது, ஆகவே தொட்டிலுக்குக் கொசுவலை கட்டாயம்.

பிள்ளைக்குக் குளிரா, சூடா என்று கையையும் காலையும் தொட்டுப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், அவை இயல்பாகவே குளிர்ந்திருக்கும். பிடரியையோ மார்பையோ தொடுங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். காலையில் பிள்ளையை விட்டுச் செல்லும்போது ஆயாவிடம் ஒரு சொல் சொல்லுங்கள்: "அக்கா, வெயில் ஏறினதும் மேல்துணியை எடுத்துடுங்க."

என் இரண்டாவது பிள்ளைக்கு இந்தச் சட்டையைத்தான் பின்னினேன். தையல் கோணல், கழுத்தும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஆனாலும் அந்த முதுகில் வேர்க்குரு வரவில்லை. நீங்கள் என்னைவிட அழகாகவே பின்னுவீர்கள். இந்த வாரம் மாதிரித் துண்டோடு தொடங்குங்கள்.