சாவியைத் திருப்பும் முன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சார், பழைய கதை வேண்டாம், உபயோகமா ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே காரைப் பற்றிப் பேசுகிறேன். நாம் படித்த காலத்தில் இந்த மரத்தடியில் சைக்கிள்கள் நின்றன. இன்று கார் நிறுத்த இடமில்லை.

ஆனாலும் கொஞ்சம் பழைய கதை இல்லாமல் முடியாது. நம் தாம்பரத்துக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது நினைவிருக்கிறதா? 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கிருந்துதான் வந்தது. என் மாமாவிடம் ஒன்று இருந்தது. பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். மழைத் தண்ணீரில் வண்டி நின்றால் மாமா இறங்குவார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, "இப்போ அடிடா" என்பார். கிளம்பிவிடும். நின்றால் துடை, மறுபடி அடி. கார் விஷயத்தில் எனக்குத் தெரிந்த வேதம் அதுதான்.

அந்த வேதம்தான் என்னைக் கவிழ்த்தது.

2015 டிசம்பர் 1 அன்று பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் வீடு முடிச்சூரில். நாங்கள் மொட்டை மாடியில். கார் போர்ட்டிகோவில், சீட் வரை தண்ணீரில். தண்ணீர் வடிந்ததும் துணியும் கையுமாக இறங்கினேன். "மெக்கானிக் வரட்டுமே, என்னங்க அவசரம்?" என்றாள் மனைவி. கேட்டேனா? சாவியைத் திருப்பினேன். 'டொக்' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. "மாமா ரெண்டு மூணு தடவை அடிப்பாரே" என்று மறுபடி திருப்பினேன். அதோடு முடிந்தது கதை.

பிரித்துப் பார்த்த மெக்கானிக் கனெக்டிங் ராடைக் கையில் கொடுத்தார். வளைந்திருந்தது. "சார், தண்ணி உங்க இன்ஜினைக் கெடுக்கல. நீங்கதான் கெடுத்தீங்க" என்றார்.

ஏன் என்று சொல்கிறேன். ஊசி போடும் சிரிஞ்சில் காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து அமுக்கிப் பாருங்கள், அமுங்கும். தண்ணீரை இழுத்து அமுக்குங்கள், அசையாது. பிஸ்டனுக்கு மேலே தண்ணீர் இருந்தால் இதே கதைதான். அமுங்க மறுக்கிறது தண்ணீர், வளைவது இரும்பு. பழைய காரில் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் முதலில் நனைந்து, தண்ணீர் உள்ளே போகும் முன்பே வண்டி நின்றுவிடும். அந்தப் பலவீனமே அதற்குப் பாதுகாப்பு. இன்றைய காரில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது; மின் இணைப்புகளும் ஈரம் புகாதபடி மூடியிருக்கின்றன. காற்று இழுக்கும் வாய்க்குத் தண்ணீர் எட்டும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். எட்டியதும் ஒரே மடக்கில் குடித்துவிடும்.

இன்சூரன்ஸும் கைவிட்டது. வெள்ளத்தால் வந்த சேதம் வேறு, நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு என்றார்கள். இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டுமாம். நான் கட்டவில்லை. லட்ச ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போயிற்று.

வெட்கத்தோடு இன்னொன்றும் சொல்கிறேன். டேஷ்போர்டு பெட்டியில் கம்பெனி கொடுத்த கையேடு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஊறிக் கிடந்தது. மொட்டை மாடியில் காயப்போட்டு அப்போதுதான் முதன்முதலாகப் படித்தேன். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதே என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது! பரீட்சை முடிந்த பிறகு பாடப்புத்தகம் திறந்தவன் நான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எதிர்வீட்டுப் பெண், புதிதாக வேலைக்குச் சேர்ந்து கடனில் கார் வாங்கியவள், வடிந்த தண்ணீரில் சாவியோடு நின்றாள். ஓடிப்போய், "அம்மா, தொடாதே!" என்று கத்தினேன். "என்ன அங்கிள், ஒரு தடவை பார்க்கிறேனே" என்றாள். விடவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, டிரக் மேல் ஏற்றி அனுப்பினோம். பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் பில்டர்களையும் மாற்றினார்கள். அந்த இன்ஜின் பிழைத்தது. என் லட்ச ரூபாய்க்கு வட்டி கிடைத்தது போலிருந்தது.

ஆகவே, மழைக்கு முன் செய்ய வேண்டியவை. டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வைப்பர் ரப்பரைப் பாருங்கள். வேப்ப மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் கண்ணாடிக்குக் கீழே உள்ள தண்ணீர் வழியில் இலை அடைக்காமல் பாருங்கள். பாலிசியை எடுத்து இன்ஜின் பாதுகாப்பு இருக்கிறதா என்று படியுங்கள். மேடான இடம் கிடைத்தால் முன்கூட்டியே வண்டியை அங்கே விடுங்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார் நிறுத்தியவர்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழையில் ஓட்டும்போது, ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை என்றால் இருமடங்கு எச்சரிக்கை. அங்கே போவது இன்ஜின் மட்டுமல்ல, உயிரும்தான். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் இறங்கி மேட்டுக்குப் போங்கள். மின்சார கார் மூழ்கியிருந்தால், ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் கை வேண்டாம். அது உயர் மின்னழுத்தம். கம்பெனி ஆட்களையே கூப்பிடுங்கள்.

மாணவச் செல்வங்களே, மாமா சொன்னது தப்பில்லை. அவருடைய வண்டிக்கு அது சரி. வண்டி மாறியது, நான் மாறவில்லை. அதுதான் தப்பு. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டு காரின் கையேட்டை எடுங்கள். உறையைப் பிரியுங்கள். அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார்.