கோரைக் கிழங்கும் கருப்பை வாய்ப் புற்றும்

(தாம்பரத்தை அடுத்த ஊராட்சி ஒன்றில், மகளிர் குழுக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், வீட்டு வசதி பற்றிப் பேசவே நாம் வழக்கமாக இங்கு வருகின்றோம். இன்று பேசப்போவது வேறு. எமது குடும்பத்து மூதாட்டி ஒருவர், மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளுக்குப் பின் உதிரப்போக்குக் கண்டும், கூச்சத்தால் யாரிடமும் சொல்லாதிருந்தார். சொன்னபோது காலம் கடந்திருந்தது. அத்தகைய மௌனம் உங்கள் இல்லங்களில் நிலவலாகாது.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ எப்போதும் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமியால் உண்டாவது. இதனை நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இக்கிருமியின் பல வகைகளுள் 16, 18 என எண்ணிடப்பட்ட இரண்டு மட்டுமே இந்நோயில் சுமார் 70 சதவிகிதத்துக்குக் காரணம். உடலுறவால் பரவினும், இது மணமான எவருக்கும் வரக்கூடிய மிகப் பொதுவான தொற்று; எவருடைய ஒழுக்கத்துக்கும் இழுக்கன்று. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானே நீங்கிவிடும். நீங்காது நிலைத்தால்தான் தீங்கு.

கருப்பை வாயின் மேல்தோல், அடியடுக்கிலுள்ள மூல உயிரணுக்களிலிருந்து வளர்கிறது. சிறு கீறல் வழியே வைரஸ் அவ்வடியடுக்கை அடைகிறது. கெட்ட அணு பெருகாமல் காக்கும் பி-53 என்னும் புரதத்தை, வைரஸின் ஈ-6 புரதம் அழிக்கிறது. பெருக்கத்துக்குக் கடிவாளமாகிய மற்றொரு புரதத்தை ஈ-7 முடக்குகிறது. இவ்விரண்டும் அணுக்களிடையே மூல உயிரணுவின் குணத்தையும் தூண்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அக்குணம் பெற்ற சில அணுக்கள் கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் எளிதில் மடிவதில்லை. கோரையை மேலே அறுத்தால் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கிறதன்றோ? புற்று மீண்டும் தலைதூக்குவதும் அவ்வாறே.

ஆயின் காலம் நம் பக்கம் இருக்கிறது. தொற்று புற்றாக முற்றப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். கிழங்கு வைக்குமுன் களைந்துவிடலாம்.

இதற்குச் சான்று நம் திண்டுக்கல் மாவட்டமே. அங்கு 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர் 30 முதல் 59 வயது வரையுள்ள மகளிருக்கு அசெட்டிக் அமிலம் தடவிச் சோதித்தனர். மாறுதலுற்ற இடம் வெண்மையாகத் தோன்றும். உடனே சிகிச்சை அளிக்கலாம். இச்சோதனை நடந்த ஊர்களில், நடவாத ஊர்களைவிட நோய் 25 சதவிகிதமும், மரணம் 35 சதவிகிதமும் குறைந்தன என்று 2007இல் முடிவு வெளியாயிற்று.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டாவது, 30 வயது கடந்த மகளிர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போட்டவர்க்கும் இது அவசியம். மூன்றாவது, முறையற்ற உதிரப்போக்கோ, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ கண்டால் ஒளிக்காதீர்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் நமக்கு அருகிலேயே உள்ளது. தூரம் ஒரு தடையன்று, கூச்சமே தடை. மாமியார் மருமகளை அழைத்துச் செல்லட்டும். கணவன்மார் துணை நிற்கட்டும். அடுத்த கூட்டத்தில், சோதனை செய்துகொண்டோர் கை உயர்த்தும்போது, எல்லாக் கைகளும் உயரக் காண விழைகின்றோம்.