செவிக்கு மூளை தரும் விடை



தொட்டிலருகே கைதட்டிப் பார்த்து, பிள்ளை திடுக்கிட்டால் செவி கேட்கிறதென்று மகிழ்வது வீட்டு வழக்கம். கையின் நிழலும் எழும் காற்றுங்கூடப் பிள்ளையைத் திடுக்கிடச் செய்யும் என்பதை எவரும் எண்ணுவதில்லை. இவ்வாறு ஏமாந்து, கேளாமையை அறியவே இரண்டாண்டும் அதற்கு மேலும் கடந்த குடும்பங்கள் எத்தனையோ! பிறக்கும் ஆயிரம் குழவிகளில் ஒன்று முதல் மூன்று வரை நிலையான செவிக்குறை உடையவை.

குழவி சொல்லமாட்டாததை அதன் மூளை சொல்லும். உறங்கும் குழவியின் நெற்றியிலும் காதின் பின்னும் மின்முனைகளை ஒட்டி, கிசுகிசுப்பளவான 35 டெசிபல் ஒலித்துடிப்புகளைச் செவியுள் விடுவர். ஒலி நரம்பேறி மூளைத்தண்டு வழியே செல்கையில், நொடியின் ஆயிரத்தில் பத்துக் கூற்றுக்குள் சில மின்னலைகள் எழும். அவற்றின் அளவோ, ஒரு வோல்ட்டின் பத்து இலக்கத்தில் ஒரு கூற்றினும் குறைவு! மூளையின் பிற அலைகளும் தசைத்துடிப்பும் அவற்றை மூழ்கடித்துவிடும். ஆகவே ஒலியை ஆயிரக்கணக்கான முறை எழுப்பி, பதிவுகளையெல்லாம் கணிப்பொறி கூட்டிப் பகுக்கும். ஒழுங்கற்ற இரைச்சல் தன்னுள் தானே தேய்ந்தொழிய, ஒலிக்கு விடையாக எழுந்த அலை மட்டும் எஞ்சும்.

1971-இல் சூவெட்டும் வில்லிசுட்டனும் இவ்வலைகளை மாந்தரிடம் விளங்கப் பதிந்தனர். 1974-இல் கேக்காக்சும் காலம்போசும் குழவிகளிடம் அளந்தனர். ஐந்தாம் அலை பெரியோர்க்கு ஆயிரத்தில் ஆறு கூற்றுக்குள் எழும். பிறந்த குழவிக்கோ ஏறத்தாழ ஏழு ஆகும். நரம்புறை இன்னும் முதிராமையே அதன் ஏது. பெரியோர் அளவுகோலைக் குழவிமேல் ஏற்றினால் பிழையே விளையும்.

1978-இல் இலண்டனில் கெம்பு என்பார், உட்செவி தானே மெல்லொலி எழுப்புவதைக் கண்டார். அதனை அளப்பது எளிது, விரைவானது. ஆயினும் உட்செவி நலமாயிருந்து நரம்பு பழுதுற்றிருப்பின் அம்முறை ஏமாறும். அங்கே மூளையைத்தான் கேட்கவேண்டும்.

நாவில் குறையில்லாத பிள்ளையை 'ஊமை' என்று ஊர் அழைத்தது கொடுமை. கேளாமையன்றோ பேசாமைக்கு வேர்! அமெரிக்காவின் கொலராடோவில் 150 பிள்ளைகளை ஆய்ந்து 1998-இல் வெளியிட்ட முடிவு இது: ஆறு திங்களுக்குள் குறை கண்டறியப்பட்டவர், பின்னர் அறியப்பட்டவரினும் மொழித்திறனில் மேம்பட்டிருந்தனர். குறை சிறிதாயினும் பெரிதாயினும், பேச்சாயினும் கைச்செய்கை மொழியாயினும் அவ்வாறே.

முதல் ஆய்வில் விடை தராத குழவி எல்லாம் கேளாக் குழவி அன்று. பிறந்த ஓரிரு நாளில் செவியுள் நீர்மம் தங்கியிருக்கலாம். அஞ்சவேண்டா, ஆனால், மறு ஆய்வுக்குக் குறித்த நாளில் பிள்ளையைத் தூக்கிச் செல்லாமல் இருந்துவிடவும் வேண்டா.