கத்திரி வெய்யிலில் குளிர்ந்த நீர்: பிளாஸ்க் வாங்கும் முறை



விதையை எப்படிப் பார்த்து வாங்குவது, உரத்தை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பல முறை பேசியிருக்கிறோம். வயலுக்குக் குளிர்ந்த குடிநீர் எடுத்துச் செல்லும் பிளாஸ்க்கைப் பற்றி இன்று பேசலாம். இது சிறு பொருள்தானே என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் வெய்யில் கடுமையாகக் காயும் இடங்களில் திருத்தணியும் ஒன்று. கத்திரி வெய்யிலில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்குப் புதிதல்ல. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆகவே வயலில் குடிநீர் என்பது உயிர் காக்கும் பொருள்.

முதலில் அளவு, பிறகு குளிர்ச்சி

கடும் வெய்யிலில் உழைப்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. 15 அல்லது 20 நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு டம்ளர் நீர் அருந்த வேண்டும். கணக்குப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் ஆகும். காலை 7 மணி முதல் 11 மணி வரை வேலை செய்தால் ஒருவருக்கு 3 லிட்டர் வேண்டும். நிலக்கடலையில் எட்டுப் பேர் களை எடுத்தால் 24 லிட்டர்!

இத்தனை நீரையும் பிளாஸ்க்கில் கொண்டு போக முடியாது. கூட்டமாக வேலை நடக்கும் இடத்தில் மர நிழலில் மண்பானை வைப்பதே சிக்கனமான வழி. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் ஒரு பங்கைப் பானை நீரிலிருந்தே எடுத்துக் கொள்வதால் நீர் குளிர்கிறது. காற்று வறண்டிருந்தால் பானை நன்றாக வேலை செய்யும். புழுக்கமான நாளில் அவ்வளவாகக் குளிராது. காற்றுப்படும் இடத்தில் மணல் பரப்பி, ஈரத்துணி சுற்றி, மூடி வையுங்கள்.

தனியாக ஆடு மாடு மேய்ப்பவர், இரவில் நீர் பாய்ச்சி விட்டு விடியும்வரை வயலில் இருப்பவர், டிராக்டர் ஓட்டுபவர் ஆகியோருக்குத்தான் பிளாஸ்க் உகந்தது.

பிளாஸ்க் எப்படி வேலை செய்கிறது?

1892ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டியூவர் என்ற விஞ்ஞானி, திரவமாக்கப்பட்ட வாயுக்களைச் சேமிக்க இதை உருவாக்கினார். ஒன்றுக்குள் ஒன்றாக இரு சுவர்கள். இடையில் காற்று நீக்கிய வெற்றிடம். வெற்றிடத்தின் வழியே வெப்பம் கடத்தப்படுவதில்லை. பளபளக்கும் பூச்சு வெப்பக்கதிரைத் திருப்பி அனுப்புகிறது. கால்நடை மருந்தகத்தில் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், உறைவிந்து வைத்திருக்கும் கொள்கலனும் இதே தத்துவந்தான். பெரும்பாலும் வெப்பம் நுழைவது மூடியும் வாயும் உள்ள இடத்தில். ஆகவே வாங்கும்போது மூடியைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. கண்ணாடிக் குடுவை உள்ளே உள்ள பிளாஸ்க் குளிர்ச்சியை நன்கு காக்கும். ஆனால் வரப்பில் விழுந்தால் உடைந்து விடும். வயலுக்கு எவர்சில்வர் வெற்றிடப் பாட்டிலே ஏற்றது.

2. பார்வைக்கு ஒன்று போலவே இருந்தாலும், ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டில் குளிர்ச்சியைக் காக்காது. இரட்டைச் சுவர் இருந்தும் இடையில் வெறும் காற்று மட்டும் இருந்தால் பலன் குறைவு. வெற்றிடம் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

3. வீட்டு உபயோகப் பிளாஸ்க்குகளுக்குத் தர முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2023இல் வெளியிட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் ஐ.எஸ். 17526 என்ற எண் எவர்சில்வர் வெற்றிடப் பாட்டிலுக்கு உரியது. சரக்கு தமிழ்நாட்டிலிருந்து வந்தாலும் ஆந்திராவிலிருந்து வந்தாலும் முத்திரை ஒன்றே.

4. மூடியின் ரப்பர் வளையம் கழற்றிக் கழுவக் கூடியதா என்று பாருங்கள். நீர் நிரப்பித் தலைகீழாகப் பிடித்தால் ஒரு சொட்டும் கசியக் கூடாது.

5. வாய் அகலமாக இருந்தால் ஐஸ் போடவும் கழுவவும் வசதி. குறுகலாக இருந்தால் குளிர்ச்சி நீடிக்கும். கை நுழையாவிட்டாலும் பிரஷ் நுழைய வேண்டும்.

ஓர் எளிய சோதனை

பக்கத்து டீக்கடையில் கொதிநீர் வாங்கிப் பாட்டிலில் ஊற்றி மூடுங்கள். 15 நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கழுத்துப் பகுதி சற்றுச் சுடலாம். உடற்பகுதி சுட்டால் வெற்றிடம் இல்லை என்று பொருள். பழைய பாட்டிலில் குளிர்ந்த நீர் ஊற்றியதும் உடல் முழுதும் வியர்த்தால், அதன் வெற்றிடமும் போய்விட்டது.

பயன்படுத்தும் முறை

நிரப்புவதற்கு முன் சிறிது குளிர்ந்த நீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டி விடுங்கள். பிறகு 28 டிகிரியில் உள்ள பானை நீர் 800 மில்லியுடன் 200 கிராம் ஐஸ் சேர்த்தால், ஐஸ் முழுதும் கரைந்தபின் நீர் 6 டிகிரி அளவில் இருக்கும். மீன் பதனிடும் ஐஸ் வேண்டாம். குடிநீரில் செய்த ஐஸ் மட்டுமே போடுங்கள். அடிக்கடி திறந்தால் குளிர்ச்சி போய்விடும். சோடா பானத்தை ஊற்றி இறுக மூடக் கூடாது. பாட்டிலை ஃபிரீசரில் வைக்கக் கூடாது. மோர் ஊற்றினால் அன்றே சமையல் சோடா போட்டுக் கழுவி, வாயைத் திறந்து காய வையுங்கள். செம்புப் பாட்டிலில் மோரோ எலுமிச்சைச் சாறோ கூடவே கூடாது.

கோழிகளுக்கான ராணிக்கெட் தடுப்பு மருந்தைக் கால்நடை மருந்தகத்திலிருந்து கொண்டுவரவும் ஐஸ் போட்ட பிளாஸ்க் உதவும். அம்மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வழியில் சூடேறினால் ஊசி போட்டும் பயனில்லை. ஆனால் அதற்கென்று தனிப் பிளாஸ்க் வையுங்கள். குடிநீர்ப் பிளாஸ்க்கை அதற்குப் பயன்படுத்த வேண்டாம். பூச்சிமருந்து இருந்த டப்பாவிலோ கேனிலோ, எத்தனை முறை கழுவினாலும், குடிநீர் எடுத்துச் செல்லவே கூடாது.

இறுதியாக ஒன்று. வெய்யிலில் ஒருவர் நிலை தடுமாறிப் பேசினாலோ, உடல் அனலாய்க் கொதித்து மயங்கி விழுந்தாலோ, உடனே 108க்குச் சொல்லி அனுப்புங்கள். நிழலில் கிடத்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள், புரையேறி விடும்.

பங்குனியிலேயே பானையும் பிளாஸ்க்கும் தயாராகட்டும். வேலையைக் காலை 11 மணிக்குள் முடியுங்கள். மீதியை வெய்யில் தணிந்த பிறகு செய்யலாம். கூலிக்கு வருபவர்க்கும் வீட்டாருக்கும் ஒரே நீர், ஒரே அளவு என்று வையுங்கள்.